எழுபத்தெட்டுச் சீட்டும் ஒரு சின்னக் கையும்

டாரோ என்கிற, குறி பார்க்கப் பயன்படும் படச் சீட்டுக்கட்டை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சீட்டுகளின் அர்த்தத்தை மனப்பாடம் செய்வதில் இறங்கிவிடுகிறார்கள். கட்டை உறையிலிருந்து உருவிக் கையில் எடுத்தபிறகுதான் அதற்கு முந்திய வேலை ஒன்று இருப்பது தெரிகிறது. சீட்டைக் கலைக்க வேண்டும். ரம்மி ஆடும் சாதாரணச் சீட்டு ஏறத்தாழ 63 மில்லிமீட்டர் அகலம், 88 மில்லிமீட்டர் நீளம். டாரோ சீட்டு வழக்கமாக 70 மில்லிமீட்டர் அகலம், 120 மில்லிமீட்டர் நீளம். அதில் 52, இதில் 78. அட்டையும் தடிமன். என்னிடம் இருக்கும் கட்டை மேசைமேல் அடுக்கி ஸ்கேல் வைத்து அளந்தால் உயரம் மூன்று சென்டிமீட்டரைத் தொடுகிறது. என் கையோ, லாங்கு பஜார் வளையல் கடையில் 2.2 அளவு கேட்டு வாங்கும் கை.

நான் வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டிலேயே பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். கட்டு, பெங்களூரில் இருக்கும் நாத்தனார் தந்த பரிசு. 1909இல் லண்டனில் வெளியான ரைடர் வெயிட் கட்டின் மறுபதிப்பு. படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். சின்ன எண் சீட்டுகளுக்குக்கூட ஒவ்வொரு காட்சியாக வரைந்திருக்கிறார். எதிர்காலம் சீட்டில் எழுதியிருக்கிறது என்று நான் நம்புகிறவள் இல்லை. மனதில் ஒரு கேள்வி குடைந்துகொண்டிருக்கும்போது எதிர்பாராத ஒரு படத்தை முன்னால் வைத்துப் பார்த்தால் யோசனை வேறு பக்கம் திரும்புகிறது. எனக்கு அது போதும். ஆனால் அந்தப் படம் உண்மையிலேயே எதிர்பாராததாக இருக்க வேண்டுமே! கலைப்பதில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்தது அதனால்தான்.

வீட்டில் முதல் எதிர்ப்பு மாமியாரிடமிருந்து. "குடும்பம் நடக்கிற வீட்டில் சீட்டுக்கட்டா?" என்றார். இது சூதாட்டம் இல்லை, படம் பார்த்து யோசிப்பது என்று சொல்லிப் பார்த்தேன். "அப்படியென்றால் ஜோசியமா?" என்றார். இரண்டில் எது மோசம் என்று அவருக்கே தீர்மானம் வரவில்லை என்பதால் கட்டு தப்பித்தது. உண்மையில் அவர் முதலில் சொன்னதுதான் சரித்திரத்துக்கு நெருக்கம். டாரோ பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகத்தான் பிறந்தது. பிரான்சில் இன்றும் 78 சீட்டு வைத்து ஆடுகிறார்கள். குறி பார்க்கிற வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் பிரான்சில் பரவலாயிற்று. ஆக, இந்தக் கட்டைக் கையாள யாரிடம் கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டால், சாம்பிராணி போட்டுச் சீட்டெடுப்பவரைவிட நன்றாகச் சீட்டாடத் தெரிந்தவர் மேல்.

அப்படி ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார். குடியாத்தத்தில் இருக்கும் பெரியப்பா. எந்தக் கல்யாணமானாலும் முகூர்த்தத்துக்கு முந்தின இரவு மண்டபத்து மாடியில் ஜமுக்காளம் விரித்து உட்காரும் கூட்டத்தின் நடுநாயகம் அவர்தான். கட்டைக் கொடுத்ததும் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒவ்வொன்றும் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?" என்றார். அடுத்து, "இதில் ஜோக்கர் எது?" பூஜ்யம் எண் போட்ட முட்டாள் சீட்டைக் காட்டினேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கலைக்க ஆரம்பித்தார்.

அவர் கலைத்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறிய கைக்கு இதுதான் பொருந்துகிறது. ஆங்கில வீடியோக்களில் கட்டின் இரண்டு குறுகிய முனைகளைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பிடிக்கச் சொல்கிறார்கள். அதற்கு விரல்கள் 120 மில்லிமீட்டர் விரிய வேண்டும். எனக்கு அப்படிப் பிடித்தால் உள்ளங்கை வலிக்கிறது, நடுச் சீட்டுகள் பிதுங்குகின்றன. பெரியப்பா கட்டைப் படுக்கவைத்து, நீளப் பக்கங்களை வலது கை விரல்களால் இருபுறமும் பற்றிக்கொண்டார். அதாவது 70 மில்லிமீட்டர் அகலத்தை மட்டும் பிடித்தால் போதும். இடது கை விரல்கள் கட்டின் முன்முனையில் மேலிருந்து ஒரு கொத்தைப் பிடித்துக்கொள்ளும். வலது கை மீதிக் கட்டைப் பின்னால் இழுக்கும். பிடித்த கொத்து இடது உள்ளங்கையில் விழும். அடுத்த கொத்து அதன்மேல். நம் ஊரில் சீட்டாடுகிற யாரைப் பார்த்தாலும் இப்படித்தான் கலைப்பார்கள். மேல்நாட்டு மாயவித்தைக்காரர்கள் இதற்கு 'ஹிண்டு ஷஃபிள்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பெரியப்பாவிடம் சொன்னபோது, "நான் எங்கே போய் அதைக் கற்றேன், கைக்கு வந்தது" என்றார்.

இதில் கவனிக்க வேண்டியது கொத்தின் கனம். பெரிய பெரிய கொத்தாக இறக்கினால் வேகமாக முடியும், ஒன்றும் கலையாது. ஐந்தாறு சீட்டாகச் சிறு கொத்துகளாக இறக்க வேண்டும். டாரோ அட்டை வழவழப்பாக இருப்பதால் ஆரம்பத்தில் கொத்துகள் தாமாகவே பெரிதாக விழும். கட்டை முழுதாகப் பிடிக்க வராதவர்கள் மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பங்கையும் தனித்தனியாகக் கலைத்து, ஒன்றின் பாதியை அடுத்ததோடு சேர்த்து, மறுபடி கலைத்து, இப்படியே பங்குகளைக் கைமாற்றிக்கொண்டு போவது. நேரம் பிடிக்கும். ஆனால் கை வலிக்காது. சீட்டின் விளிம்பும் நசுங்காது.

இனி என் தொழில் புத்தி குறுக்கிட்ட கதை. புதுக் கட்டு வரிசையாக அடுக்கப்பட்டு வருகிறது: பெரிய சீட்டுகள் (முட்டாள், மரணம், கோபுரம், சூரியன் என்று தனிப்பெயர் உள்ளவை) 22, பிறகு கோல், கோப்பை, வாள், நாணயம் என்று நான்கு வகையில் பதினான்கு பதினான்காக 56. கட்டைப் பழையபடி வரிசையாக அடுக்கி, பெரியப்பா பாணியில் நன்றாகக் கலைத்து, படம் தெரியும்படி தரையில் நீளமாகப் பரப்பினேன். ட்யூஷன் பிள்ளைகளும் உட்கார்ந்து பார்த்தார்கள். கோப்பைகள் நாலைந்தாகக் குழாம் கூடி நின்றன. வாள் ஏழுக்குப் பக்கத்தில் வாள் எட்டு. பெரிய சீட்டுகள் இரண்டு மூன்று இடங்களில் குடும்பமாக. கைக்குக் கலைத்த உணர்வு முழுதாக இருக்கிறது. கட்டுக்குள் பழைய வரிசை துண்டு துண்டாக உயிரோடு இருக்கிறது. இந்த முறையில் கொத்துகளின் இடம்தான் மாறுகிறது, கொத்துக்குள் இருக்கும் சீட்டுகள் பிரிவதில்லை. எங்கே கொத்து உடைகிறதோ அந்த இடத்தில் மட்டும்தான் பக்கத்துச் சீட்டுகள் பிரிகின்றன.

பாதியாக வெட்டி இரண்டு பாதிகளின் மூலைகளையும் விரலால் சரசரவென்று விட்டு ஒன்றுக்குள் ஒன்று பின்னும் முறை வேறு வகை. அதில் கட்டு முழுவதும் சீட்டுகளின் அக்கம்பக்கம் உடைகிறது. 1992இல் டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 52 சீட்டுக் கட்டு இந்த முறையில் ஏறத்தாழ ஏழு தடவையில் நன்றாகக் கலைந்துவிடும் என்று நிறுவினார்கள். டயகோனிஸ் கணிதத்துக்கு வருமுன் மாயவித்தைக்காரராக ஊர் சுற்றியவர் என்பது கூடுதல் ருசி. 78 சீட்டுக்கு எட்டு, ஒன்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏன் ஐந்து போதாது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு எளிய வழி இருக்கிறது. சீட்டுகளுக்கு 1 முதல் 78 வரை எண் கொடுத்து வரிசையாக அடுக்குங்கள். ஒரு தடவை பின்னினால் கட்டுக்குள் இரண்டு ஏறுவரிசைகள் ஒன்றோடொன்று ஊடாடி நிற்கும்: 1, 2, 3 என்று ஒன்று, 40, 41, 42 என்று இன்னொன்று. அடுத்த தடவை அதிகபட்சம் நான்கு, பிறகு எட்டு, பதினாறு. ஐந்தாவது தடவையில் 32ஐத் தாண்டவே முடியாது. ஒழுங்காகக் கலைந்த 78 சீட்டுக் கட்டில் இத்தகைய வரிசைகள் சராசரியாக 39.5 இருக்க வேண்டும். எவ்வளவு திறமையாகப் பின்னினாலும் ஐந்து தடவையில் கட்டு அந்த இடத்துக்குப் போய்ச் சேராது. 78 சீட்டை எத்தனை வரிசையாக அடுக்கலாம் என்று கேட்டால் விடை 116 இலக்க எண். வரிசை மாற்றங்கள் பாடத்துக்கு இதைவிடச் சுவையான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. பிள்ளைகளின் பெற்றோர் யாரும் இன்னும் புகார் சொல்லவில்லை.

பின்னும் முறையை டாரோவில் செய்ய விரும்புகிறவர்கள் குறுகிய முனைகளை எதிரெதிரே வைக்காமல், நீளப் பக்கங்களை எதிரெதிரே வைத்து, மூலைகளை மட்டும் லேசாகத் தூக்கி விட வேண்டும். மூலைகள் பின்னியதும் இரண்டு பாதிகளையும் மெல்ல உள்ளே தள்ளிவிடலாம். சினிமாவில் வருவதுபோலப் பாலம் கட்டிச் சரித்துவிடும் அலங்காரம் தேவையில்லை. தடித்த அட்டை ஒரு பக்கமாக வளைந்துபோகும், பிறகு மேசைமேல் தொட்டிலாடும். ஏற்கெனவே வளைந்திருந்தால் அடுத்த முறை எதிர்ப்புறமாக வளைத்துக் கலைத்தால் கொஞ்சம் நிமிரும். இல்லையென்றால் இரவெல்லாம் கனமான அகராதிக்கு அடியில் வைக்க வேண்டியதுதான். இன்னும் மென்மையான வழி சொருகுவது: ஒரு பாதியை நிமிர்த்தி நிறுத்தி, அடுத்த பாதியின் விளிம்பை அதன்மேல் வைத்து, அசைத்து அசைத்து இறங்கவிடுவது. சீராகப் பின்னாது, நாலைந்து சீட்டுகள் சேர்ந்தே இறங்கும். ஆனாலும் வெறும் கொத்து இறக்குவதைவிட எவ்வளவோ தேவலை.

எனக்கு நிரந்தரமாக ஒத்துவந்தது பரப்பிக் கலைப்பது. எல்லாச் சீட்டையும் கவிழ்த்துத் தரையில் கொட்டி, இரண்டு உள்ளங்கைகளாலும் வட்டம் வட்டமாகத் துழாவுவது. சூதாட்ட விடுதிகளில் புதுக் கட்டைப் பிரித்ததும் முதலில் இப்படித்தான் செய்கிறார்கள். குழந்தைத்தனமாகத் தெரியும், அதனால் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். கைத்திறமை வேண்டாம், கட்டு வளையாது, சின்னக் கை பெரிய கை பேதமில்லை. ஒரு நிமிடமாவது விடாமல் துழாவ வேண்டும். நடுக்குவியலும் ஓரச் சீட்டுகளும் இடம் மாறுகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு கூட்டி அள்ளி, பெரியப்பா பாணியில் கொஞ்சம் இறக்கி, ஒரு வெட்டு. என் வழக்கம் இவ்வளவுதான்.

இதற்கு விரிப்பு முக்கியம். கோரைப்பாயில் சீட்டின் மூலை பாய் இழைக்குள் போய் மாட்டுகிறது. வெறும் தரையில் மணல் துகள் பின்பக்கத்தைக் கீறுகிறது. வேலூரில் எவ்வளவு பெருக்கினாலும் மணல் இருக்கும் என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். டாரோவைப் பட்டில் சுற்றி வைக்க வேண்டும் என்று சொல்கிறார்களே என்று ஆரணிப் பட்டுத் துண்டு ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தேன். சுற்றி வைக்கப் பிரமாதம். விரித்துக் கலைத்தால் துணியும் சேர்ந்து சுருள்கிறது. மடித்துப் போட்ட கெட்டியான பருத்திப் போர்வைதான் சரியாக அமைந்தது.

மின்விசிறி இன்னொரு வில்லன். பரப்பிய சீட்டுகள் விசிறிக் காற்றில் புரண்டு முகம் காட்டிவிடும். விசிறியை நிறுத்தினால், மே மாத வேலூரில் நிமிடத்துக்குள் கை வியர்த்துச் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இரண்டு சீட்டுகள் ஒரே சீட்டாகப் பயணம் செய்வதால் கலைப்பதன் நோக்கமே கெடுகிறது. முகப்பவுடர் போட்டுக்கொள்ளலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். வியர்வையோடு சேர்ந்து அது பசையாகி விளிம்பில் அழுக்குக் கோடு விழுகிறது. கத்திரி வெயில் நாட்களில் நான் காலை ஆறு மணிக்கே, வாசல் தெளித்த கையோடு சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரச்சினை தலைகீழ்: அட்டை ஈரம் இழுத்து ஊதுகிறது. ஆம்பூரில் செருப்பு, ஷூ வாங்கினால் பெட்டிக்குள் சின்னச் சின்ன சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கும். அதைத் தூக்கி எறியாமல் சீட்டுப் பெட்டியில் போட்டு வைக்கிறேன். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் அது அவர்கள் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காட்பாடியில் இருக்கும் என் தோழி ஒருத்திக்கு ஒரு காலம் வாள் மூன்று விடாமல் வந்துகொண்டிருந்தது. இதயத்தை மூன்று வாள்கள் துளைத்து நிற்கும் படம். அவள் பயந்தே போனாள். டாரோ பழகுகிறவர்கள் நடுவில் இப்படித் துரத்தும் சீட்டு பற்றிய பேச்சு நிறைய உண்டு; ஏதோ சொல்ல வருகிறது, கேட்கும்வரை விடாது என்பார்கள். அவள் கட்டைக் கையாள்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். தினமும் இரவு மூன்று சீட்டு எடுப்பாள். பார்த்து முடித்ததும் மூன்றையும் சேர்த்துக் கட்டின்மேல் வைப்பாள். மறுநாள் பெரிய பெரிய கொத்தாக நாலு இறக்கு இறக்கிவிட்டு, மேலிருந்தோ அடியிலிருந்தோ எடுப்பாள். நேற்றைய மூன்றும் ஒரே கொத்தாக மேலுக்கும் அடிக்கும் போய் வந்துகொண்டிருந்தன. வாள் மூன்று துரத்தவில்லை, அவள்தான் அதை விடாமல் கூடவே வைத்திருந்தாள். எடுத்த சீட்டுகளைத் திருப்பி வைக்கும்போது கட்டில் வெவ்வேறு இடங்களில் தனித்தனியாகச் சொருகிவிட்டு, அதன்பிறகு கலைக்கச் சொன்னேன். வாள் மூன்று அவளை விட்டுப் போயிற்று. அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்ததாக எனக்குச் சந்தேகம்.

ஒழுங்காகக் கலைத்தாலும் சீட்டு திரும்ப வராது என்று அர்த்தமில்லை. தினம் ஒரு சீட்டு எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கிறவருக்கு, 11 நாளுக்குள் ஏதோ ஒரு சீட்டு இரண்டாம் முறை வருவதற்குப் பாதிக்கும் மேல் வாய்ப்பு இருக்கிறது. 30 நாள் எடுத்தால் அது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைத் தாண்டிவிடும். 78 என்பது பெரிய எண்ணாகத் தோன்றுவதால் நம் மனம் இதை ஒப்புக்கொள்வதில்லை. வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பிறந்தநாள் வருவதற்குப் போடுகிற அதே கணக்கு. மரணம் சீட்டைப் பார்த்தால் நடுங்குகிறவர்களுக்கும் ஒன்று: மூன்று சீட்டு எடுத்தால் அதில் மரணம் வருவதற்கு 26இல் ஒரு வாய்ப்பு. கோபுரத்துக்கும் அதேதான். சூரியனுக்கும் அதேதான்.

கலைக்கும்போது தாவி விழும் சீட்டை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதைத் தனிச் செய்தியாக எடுத்துக்கொள்வோர் உண்டு. மண்டபத்துச் சட்டம் வேறு. பங்கு போடும்போது ஒரு சீட்டு மல்லாந்து விழுந்தால் பெரியப்பா கூட்டத்தில் அந்த ஆட்டத்தைக் கலைத்துவிட்டு மறுபடி போடுவார்கள், சண்டை வராது. எதை வைத்துக்கொண்டாலும் சரி, கலைக்க ஆரம்பிக்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பது என் கட்சி. விழுந்தது சூரியன் என்றால் செய்தி, கோபுரம் என்றால் கை தவறியது என்று பிறகு பேசக்கூடாது. வழுக்கும் புதுக் கட்டில் முதல் சில வாரங்களுக்குச் சீட்டு விழுந்துகொண்டேதான் இருக்கும். அவ்வளவு செய்தியைத் தாங்கும் வாழ்க்கை யாருக்கும் இல்லை.

தலைகீழாக வரும் சீட்டுகளையும் இப்படியே முன்கூட்டித் தீர்த்துக்கொள்ளலாம். பரப்பித் துழாவினால் பாதிச் சீட்டுகள் தலைகீழாகும், தவிர்க்க முடியாது. தலைகீழ் அர்த்தம் வேண்டாம் என்பவர்கள் எடுக்கும்போது நேராகத் திருப்பி வைத்துக்கொள்ளலாம், அல்லது துழாவாமல் கையில் மட்டும் கலைக்கலாம். சில கட்டுகளில் பின்பக்கச் சித்திரமே மேல் கீழ் காட்டிக்கொடுத்துவிடும். தலைகீழ் பார்க்க நினைப்பவர்கள் வாங்கும்போதே பின்பக்கத்தைக் கவனிப்பது நல்லது.

சடங்குகளைப் பற்றிக் கேட்டால் நான் கொஞ்சம் கறார். கட்டை இடது கையால் வெட்ட வேண்டும் என்பது மேல்நாட்டு டாரோ வழக்கம். மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "நல்லது கெட்டது கேட்கிற காரியத்தை யாராவது பீச்சாங்கையால் செய்வார்களா?" என்றார். அவர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. வலது கையால் வெட்டுகிறேன். சீட்டின் கலைப்பில் இம்மியளவும் வித்தியாசமில்லை. வெட்டு என்பதே கலைப்பு அல்ல, மேல்பாதியும் கீழ்ப்பாதியும் இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். மண்டபத்தில் எதிராளியை வெட்டச் சொல்வது, கலைத்தவர் மேல் சீட்டைத் தெரிந்து வைத்திருந்தால் அந்த அனுகூலத்தைக் கெடுப்பதற்கு. தரையில் பரப்பிய சீட்டில் யார் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எங்கள் வீட்டில் தானாக வந்துவிட்டது. புத்தகத்துக்குச் செய்வதைச் சீட்டுக்கும் செய்கிறோம்.

கட்டைப் பிறர் தொடக்கூடாது என்ற விதியையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. நம் மண்ணின் வழக்கமெல்லாம் அதற்கு நேர் எதிர். கோயிலில் பூக்கட்டிப் பார்க்கும்போது வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலம் கட்டி சாமி முன் போட்டு, ஒன்றும் அறியாத குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்கிறோம். உத்திரமேரூரில் இருக்கும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், பத்தாம் நூற்றாண்டில் ஊர் வாரியங்களுக்குக் குடவோலை எடுத்த முறையை விவரமாகச் சொல்கின்றன. ஓலைகளைக் குடத்தில் இட்டுக் கலைத்து, உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்திருக்கிறார்கள். எடுக்கும் கைக்கு விஷயம் தெரியக்கூடாது என்பதில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அவ்வளவு கவனம். கோட்டை மைதானத்துப் பக்கம் சிறுவயதில் பார்த்த கிளி ஜோசியத்திலும் அந்த வேலை கிளியுடையது. மேலிருந்து சில சீட்டுகளை அலகால் எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு ஒன்றை நீட்டும். அடுக்குவது மட்டும் ஜோசியர் கை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். அதனால் அந்தக் காட்சி இப்போது அருகிவிட்டது. கிளியின் பக்கமிருந்து பார்த்தால் அது நல்ல செய்தி.

ஆகவே, யாராவது ஒரு கேள்வியோடு வந்தால் கலைப்பதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். ஆண்கள் பலர் ரம்மி பழக்கத்தில் வேகமாக இறக்கிக் கைவரிசை காட்டுவார்கள். பெண்கள் பெரும்பாலும், "எனக்குச் சீட்டுப் பிடிக்கவே தெரியாது" என்று கையை இழுத்துக்கொள்வார்கள். போர்வையை விரித்து, "அரிசி புடைக்கத் தெரிந்த கைதானே அக்கா, சும்மா துழாவுங்கள்" என்பேன். துழாவிக்கொண்டே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். சீட்டை எடுப்பதற்கு முன்பே கேள்வியின் பாதி வெளியே வந்துவிடும். சில நாள் அதற்குப்பிறகு சீட்டு எடுக்கவே தோன்றாமல் காப்பி குடித்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

புதிதாக வாங்குகிறவர்கள் கையின் அளவையும் யோசிக்க வேண்டும். சாதாரணச் சீட்டின் அளவிலேயே டாரோ கட்டுகள் கிடைக்கின்றன. படம் சிறிதாகும், கலைப்பது சுலபம். பெரிய கட்டின் வெள்ளை ஓரத்தை அச்சகத்து வெட்டும் இயந்திரத்தில் கொடுத்து நறுக்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். நான் துணியவில்லை: நறுக்கிய விளிம்பு கூராக இருக்கும், மூலையை மறுபடி வளைவாக வெட்டியாக வேண்டும், ஒன்றிரண்டு சீட்டு அரை மில்லிமீட்டர் கோணினாலும் கட்டிலிருந்து துருத்திக்கொண்டு தெரியும். கை பழகும்வரை முப்பது நாற்பது ரூபாய்ச் சீட்டுக்கட்டு இரண்டை ஒன்றாகச் சேர்த்து, அதில் 78 எடுத்துக்கொண்டு பயிற்சி செய்யலாம். கனம் ஏறத்தாழ பழகிவிடும், நல்ல கட்டு நசுங்காது. அவ்வப்போது கட்டை எண்ணிப் பார்ப்பதும் தேவை. ஆறு குவியலாகப் பங்கு போட்டால் ஒவ்வொன்றிலும் பதின்மூன்று வர வேண்டும். வரவில்லையென்றால் போர்வை மடிப்பில் ஒன்று ஒளிந்திருக்கிறது. இப்படிப் பங்கு போடுவதையே கலைப்பதாக நினைப்பவர்கள் உண்டு. அது எண்ணிக்கை பார்க்க மட்டும்தான் உதவும். எந்தச் சீட்டு எந்தக் குவியலுக்குப் போகிறது என்பது முன்பே தீர்மானமான விஷயம், அதில் எதிர்பாராதது ஒன்றுமில்லை.

என் கட்டுக்கு இப்போது வயதாகிவிட்டது. துறவி சீட்டின் மூலை மடிந்து, கவிழ்த்து வைத்தாலும் அது துறவி என்று தெரிகிறது. கோல் இரண்டின் பின்பக்கத்தில் காப்பிக் கறை. போன கல்யாணத்தில் பெரியப்பாவிடம் காட்டினேன். அடையாளம் விழுந்த சீட்டை வைத்துக்கொண்டு ஆடினால் எங்கள் கூட்டத்தில் எழுப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். நாத்தனாரிடம் புதுக் கட்டுக்குச் சொல்லியிருக்கிறேன், இந்த முறை சின்ன அளவு. பழையது ட்யூஷன் பிள்ளைகளுக்கு, வரிசை மாற்றங்கள் பாடம் வரும்போது.